கழுவெளியின் கணக்கு

முன்னுரை

‘பயனற்ற நிலம்’ என்னும் தொடரைப் புவியியல் மாணவன் எழுதுமுன் ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பார்த்தல் வேண்டும் என்று எங்கள் பேராசிரியர் வகுப்பில் அடிக்கடி கூறுவார். நிலத்தில் பயனற்றது என ஒன்றில்லை. அதன் பயனை நாம் அறியாமல் இருக்கலாம் என்பது அவர் கருத்து. முதலாண்டில் இதனைக் கேட்டபோது, தேர்வுக்கு உதவும் நல்ல வாக்கியம் என்று மட்டும் எண்ணிக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். மூன்றாம் ஆண்டின் தொடக்கத்தில், எங்கள் தெருக்கோடியில் உள்ள வெளியில் எல்லைக்கல் நட்டு, டிப்பர் லாரிகளில் மண் கொண்டுவந்து கொட்டத் தொடங்கியபோதுதான் அதன் பொருள் எனக்கு விளங்கிற்று.

எங்கள் வீடு தென்சென்னையில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய மனைப்பிரிவு ஒன்றில் இருக்கிறது. தெரு முடியும் இடத்தில் ஒரு வெளி தொடங்குகிறது. கோடையில் அங்கே மாடுகள் மேயும். கார்த்திகையில் முழங்காலுக்கு மேல் நீர் நிற்கும். அவ்விடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு வரப்போவதாகச் செய்தி பரவியதும் தெரு இரண்டு பட்டது. ‘கட்டடம் வந்தால் சாலை வரும், பேருந்து வரும், மனை விலை ஏறும்’ என்றனர் ஒரு சாரார். ‘கட்டடம் வந்தால் தண்ணீர் எங்கே போகும்?’ என்றனர் மற்றொரு சாரார். முன்னவர் கூற்றை மறுக்க எனக்குத் தகுதியில்லை. பின்னவர் கேள்விக்கு நான் படிக்கும் பாடத்தைக்கொண்டு விடை தேடலாம் எனத் துணிந்தேன். அந்தத் தேட்டத்தின் பயனே இக்கட்டுரை.

ஈரநிலம் என்பது யாது?

ஈரான் நாட்டில், காஸ்பியன் கடலின் கரையில் உள்ள ராம்சர் என்னும் ஊரில் 1971-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் நாள் உலக நாடுகள் சில கூடி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. ஈரநிலங்களைக் காப்பதே அதன் நோக்கம். இந்தியா அதில் 1982-இல் சேர்ந்தது. பிப்ரவரி 2 உலக ஈரநில நாளாகக் கொண்டாடப்படுவதும் இது பற்றியே.

இவ்வுடன்படிக்கை ஈரநிலத்துக்குக் கூறும் இலக்கணம் மிக விரிந்தது. இயற்கையாக அமைந்ததாயினும் மக்கள் அமைத்ததாயினும், ஆண்டு முழுதும் நீர் நிற்பதாயினும் சில திங்கள் மட்டும் நிற்பதாயினும், நன்னீராயினும் உவர்நீராயினும், அவையெல்லாம் ஈரநிலமே. கடலோரத்தில், நீர் வற்றும் வேளையில் 6 மீட்டர் ஆழத்துக்கு மேற்படாத பகுதியும் இதில் அடங்கும்.

இவ்விலக்கணத்தில் நாம் ஊன்றி நோக்க வேண்டிய சொற்கள் ‘சில திங்கள் மட்டும்’ என்பவை. மனை விற்போர் வாங்குவோரைச் சித்திரையிலும் வைகாசியிலும் அழைத்துச் செல்வர். ஐப்பசியில் அழைத்துச் செல்வதில்லை. வெடித்துக் கிடக்கும் கரம்பைப் பார்த்தவர்க்கு அது தரிசாகவே தோன்றும். ஆனால் நான்கு திங்கள் நீரைத் தாங்கும் பொருட்டு எட்டுத் திங்கள் காத்துக்கிடக்கும் நிலம் அது.

நம் முன்னோர் இந்நுட்பத்தை அறிந்திருந்தனர் என்பதற்கு அவர்கள் இட்ட பெயர்களே சான்று. ஏரி, குளம், கண்மாய், ஊருணி, ஏந்தல், தாங்கல், கழி, கழுவெளி என ஒவ்வொரு வகை நீர்நிலைக்கும் தனித்தனிச் சொல் வைத்தனர். பழவந்தாங்கல் என்று ரயில் நிலையப் பலகையில் படிக்கும்போது, அப்பெயருக்குள் ஒரு தாங்கல் இருப்பதை நம்மில் எத்தனை பேர் நினைக்கிறோம்? நிலம் குழிந்த இடம் பார்த்து நீரைத் தேக்கிவைக்குமாறு பாண்டியன் நெடுஞ்செழியனுக்குப் புலவர் குடபுலவியனார் அறிவுறுத்திய செய்தி புறநானூற்றில் வருகிறது. குழிந்த இடம் நீருக்கு உரியது என்பது அன்றே தெளிந்த உண்மை.

ஏரியும் கழுவெளியும்

ஏரிக்கும் கழுவெளிக்கும் உள்ள வேறுபாடு முதன்மையானது. ஏரி என்பது சரிவுக்குக் குறுக்கே கரை எழுப்பி மக்கள் அமைத்தது. அதற்கு வரத்துக் கால்வாய் உண்டு, மதகு உண்டு, மிகுந்த நீர் வழியும் கலங்கல் உண்டு. மேல் ஏரியின் கலங்கலில் வழிந்த நீர் கீழ் ஏரிக்கு வரும். அங்கிருந்து அதற்கும் கீழ் ஏரிக்குச் செல்லும். இவ்வாறு சங்கிலித் தொடராக அமைந்த ஏரிகள் எல்லாம் நிரம்பிய பின், கடைசி ஏரியின் உபரிநீர் எங்கே போய்ச் சேரும்? கடலுக்கு அருகே உள்ள தாழ்ந்த பரப்பில் சென்று பரவும். அதுவே கழுவெளி.

கழுவெளிக்குக் கரையில்லை, மதகில்லை. மழை மிகுந்தால் அதன் எல்லை விரியும். மழை குறைந்தால் சுருங்கும். விரிந்து சுருங்குவது அதன் இயல்பு. அதற்கு வந்த கேடும் அந்த இயல்பினாலேயே வந்தது. ஏரியை ஆக்கிரமிப்பவன் ஒரு கரையைத் தாண்ட வேண்டும். கழுவெளியை ஆக்கிரமிப்பவன் எதையும் தாண்ட வேண்டியதில்லை. நீர் சுருங்கியிருக்கும் காலத்தில் ஓரத்தில் ஒரு கல்லை நட்டால் போதும்.

பள்ளிக்கரணையின் அமைப்பும் இவ்வாறானதே. சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழைநீர், சுற்றிலும் உள்ள 65 நீர்நிலைகளின் வழியாக இங்கு வந்து சேர்கிறது என்பர். பரவி நின்ற நீர் ஒக்கியம் மடுவின் வழியே பக்கிங்காம் கால்வாயை அடைந்து, தெற்கே சென்று, கோவளம் கழிமுகத்தில் வங்கக் கடலில் கலக்கிறது. வருகின்ற வழிகள் பல. போகின்ற வழி குறுகியது. எனவே நீர் உடனே போய்விடாது; சில நாள், சில வாரம் தங்கித்தான் போகும். அவ்வாறு தங்குவதற்கான இடமே சதுப்பு நிலம்.

தங்கும் காலத்தில் அந்நீர் வீணாகக் கிடப்பதில்லை. சம்பும் கோரையும் அழுக்கை வடிக்கின்றன. நீர் மெல்லக் கீழிறங்கி நிலத்தடி நீரைப் பெருக்கிக் கடல்நீர் உட்புகாமல் காக்கிறது. 115 வகைப் பறவைகளும், 46 வகை மீன்களும், 114 வகைத் தாவரங்களும் உட்பட 337 வகை உயிரினங்கள் பள்ளிக்கரணையில் பதிவாகியுள்ளன. பூநாரையும் கூழைக்கடாவும் நீலத் தாழைக்கோழியும் இலைக்கோழியும் மாநகரத்தின் எல்லைக்குள் வாழ்கின்றன என்றால் அயலூரார் நம்புவதில்லை.

ஓர் எளிய கணக்கு

இனி, தெருவில் எழுந்த கேள்விக்கு வருவோம். தண்ணீர் எங்கே போகும்? இதற்குப் பெரிய கணிதம் வேண்டியதில்லை. பள்ளிக் கணக்கே போதும்.

ஒரு ஹெக்டேர் நிலத்தில் 1 செ.மீ. மழை பெய்தால் அது 1 லட்சம் லிட்டர் நீராகும். 250 சதுர கிலோமீட்டர் என்பது 25,000 ஹெக்டேர். அப்பரப்பு முழுதும் ஒரே நாளில் 10 செ.மீ. மழை பெய்வதாகக் கொள்வோம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இது சென்னைக்குப் புதியதன்று. விழும் நீர் 2,500 கோடி லிட்டர். அதில் பாதி ஏரிகளிலும் மண்ணிலும் தங்கிவிடுவதாக வைத்துக்கொண்டாலும், மீதிப் பாதியான 1,250 கோடி லிட்டர் சதுப்பு நிலத்தை நோக்கி வரும்.

அந்நீர் 5,000 ஹெக்டேரில் பரவினால் 25 செ.மீ. உயரம் நிற்கும், அதாவது முழங்காலுக்கும் கீழே. அதே நீர் 1,250 ஹெக்டேரில் பரவினால் 1 மீட்டர் நிற்கும், இடுப்பளவு. 625 ஹெக்டேரில் அடைபட்டால் 2 மீட்டர். ஆள் மூழ்கும் அளவு. இடையே கடலுக்கு வடியும் நீரை நான் இக்கணக்கில் சேர்க்கவில்லை என்பது உண்மை. ஆனால் வடியும் வழி குறுகியது என்பதையும், கடல் ஏற்றத்தின்போது அதுவும் தடைபடும் என்பதையும் மறக்கலாகாது. மழை குறையவில்லை, நீரின் அளவும் குறையவில்லை, அது பரவும் இடம் குறைந்தால் உயரம் கூடும். இதுவே கழுவெளியின் கணக்கு.

இக்கணக்கை எங்கள் தெருக்கோடி வெளிக்கும் பொருத்திப் பார்த்தேன். இரண்டாம் ஆண்டுக் களப்பணிக்காக நானும் என் நண்பர்கள் இருவரும் கார்த்திகை மாதத்தில் அளவு குறித்த ஒரு மூங்கில் கழியுடன் அவ்வெளியில் இறங்கி, 22 இடங்களில் ஆழம் அளந்திருந்தோம். பரப்பு ஏறக்குறைய 3 ஹெக்டேர். சராசரி ஆழம் 60 செ.மீ. ஆக, அந்த ஒரு வெளியில் நின்ற நீர் 1 கோடியே 80 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் 1,500 வந்தால்தான் அதனை எடுத்துச் செல்ல முடியும். அவ்விடத்தில் மண் கொட்டி உயர்த்தினால் அந்நீர் மறைந்துவிடப் போவதில்லை. பக்கத்தில் உள்ள தாழ்ந்த இடத்துக்குச் செல்லும். பக்கத்தில் உள்ள தாழ்ந்த இடம் எங்கள் தெரு.

சுருங்கிய வரலாறு

நீர்நிலையை மனையாக்குவது சென்னைக்கு நேற்று வந்த பழக்கமன்று. மயிலாப்பூர் ஏரியும் நுங்கம்பாக்கம் ஏரியும் ஒரு காலத்தில் இணைந்து நீண்ட ஏரியாக விளங்கின. 1920-களில் மாம்பலம் பகுதியில் அதனை வற்றச் செய்து தியாகராய நகரை உருவாக்கினர். நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976-இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. இவற்றை அந்தந்தக் காலத்தவர் வளர்ச்சி என்றே கருதினர். அன்று நகரம் சிறிது. நீர் பரவ வேறு இடம் இருந்தது.

நகரம் தெற்கே நீண்டபோது பள்ளிக்கரணையின் முறை வந்தது. அரை நூற்றாண்டுக்கு முன் 5,000 ஹெக்டேருக்கும் மேற்பட்டிருந்ததாக மதிப்பிடப்படும் சதுப்பு நிலம் சிறிது சிறிதாகக் குறைந்தது. வடக்கில் பெருங்குடியில் மாநகரின் குப்பை பல்லாண்டுகள் கொட்டப்பட்டு, இருநூறு ஏக்கருக்கும் மேலான பரப்பை மூடியது. சாலைகள் அதனைத் துண்டாடின. கிழக்கே தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் வரிசையாக எழுந்தன. நிறுவனங்களைத் தொடர்ந்து வீடுகள் வந்தன. அவ்வீடுகளில் ஒன்று எங்களுடையது.

இங்கே என் குடும்பத்தைப் பற்றிச் சில சொற்கள் கூற வேண்டியிருக்கிறது. என் தந்தை பேருந்து நடத்துநராகப் பணிபுரிந்தவர். 1998-ஆம் ஆண்டு, மே மாதத்தில், வருங்கால வைப்பு நிதியில் கடன் பெற்று இம்மனையை வாங்கினார். அப்போது நிலம் காய்ந்து கிடந்தது. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தாம்பரத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. பதிவாயிற்று. அன்று நான் ஐந்தாம் வகுப்பு மாணவன். இரவில் கட்டிலின் கால் நனைந்தது. விடியுமுன் கட்டிலே நனைந்தது. எதிர் வீட்டு மாடியில் நான்கு நாள் இருந்தோம். நீர் வடிந்த பின் சுவரில் ஒரு கோடு தெரிந்தது. என் தந்தை அதன்மேல் வெள்ளையடிக்கவில்லை. 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது நீர் மீண்டும் உள்ளே வந்து, அக்கோட்டுக்கு ஒரு சாண் கீழே நின்றது.

எங்கள் பகுதியில் முன்பு எருமை மேய்த்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். களப்பணியின்போது அவரிடம் பேசினேன். “இங்க நாங்க ஐப்பசியில கெண்டை புடிப்போம் தம்பி. மனை போட்டப்போ சிரிச்சோம். எங்களை யாரும் வந்து கேக்கல, நாங்களும் சொல்லல” என்றார். நீர் வரும் வாய்க்கால் எங்கே இருந்தது என்று கேட்டதற்குக் கோலை ஊன்றிக்கொண்டு நடந்து சென்று காட்டினார். அவர் நின்ற இடம், இப்போது மண் கொட்டப்படும் இடம்.

சட்டத்தின் துணையும் அதன் இடைவெளியும்

நீர்நிலைகளைக் காக்கச் சட்டமே இல்லை என்று பலர் கருதுகின்றனர். அது தவறு. சட்டம் உண்டு; அதில் இடைவெளியும் உண்டு. இரண்டையும் அறிதல் நன்று.

ஈரநிலப் பாதுகாப்பு மற்றும் மேலாண்மை விதிகளை மத்திய அரசு 2010-இல் வெளியிட்டு, 2017-இல் மாற்றியமைத்தது. இவ்விதிகள் பொருந்தும் ஈரநிலத்தைப் பிற பயனுக்கு மாற்றுதல், ஆக்கிரமித்தல், குப்பை கொட்டுதல், சுத்திகரிக்காத கழிவை விடுதல் ஆகியவை தடைசெய்யப்பட்டுள்ளன. கடந்த பத்தாண்டுகளின் சராசரி உயர்வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிலையான கட்டடம் எழுப்புவதும் கூடாது. படகுத் துறைக்கு மட்டும் விலக்கு உண்டு. நாட்டின் ஈரநில வரைபடத் தொகுப்பில் இடம்பெற்ற 2,01,503 ஈரநிலங்களுக்கு இவ்விதிகளின் கோட்பாட்டைப் பின்பற்றிக் காப்பளிக்குமாறு உச்ச நீதிமன்றம் 2017-இல் ஆணையிட்டது.

ஆனால் 2017-ஆம் ஆண்டு விதிகள் ஆற்றுக் கால்வாய்களையும், நெல்வயல்களையும், குடிநீருக்காகவும் பாசனத்துக்காகவும் மக்கள் அமைத்த நீர்நிலைகளையும் தம் எல்லைக்குள் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டின் நீர்நிலைகளில் பெரும்பான்மை பாசன ஏரிகளே! அவற்றுக்குத் துணையாக நிற்பது, ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்புகளை அகற்றவும் தமிழ்நாடு அரசு 2007-இல் இயற்றிய சட்டம். ஊர்ப் பொதுக் குளத்தை வீட்டுமனையாக ஒதுக்கியது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2001-இல் ஓர் உத்தரப் பிரதேச வழக்கில் அளித்த தீர்ப்பும், மாநிலத்தின் இயற்கை நீர்நிலைகளைக் கண்டறிந்து ஆக்கிரமிப்பை அகற்றுமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2005-இல் அளித்த தீர்ப்பும் இன்றும் எடுத்துக்காட்டப்படுகின்றன.

பள்ளிக்கரணையைப் பொறுத்தவரை, 2007-இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. பின்னர் அப்பரப்பு விரிந்தது. 2022-இல் 1,247.54 ஹெக்டேர் பரப்புடன் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. காப்புக்காட்டின் பரப்பு இதனினும் குறைவு. இரண்டுக்கும் இடைப்பட்ட நிலத்திலும் அதன் ஓரங்களிலும்தான் பட்டா நிலங்கள் வருகின்றன. வழக்கும் அங்கேதான் எழுகிறது. 2025-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, நில அளவைப் பணி முடியும்வரை ராம்சர் எல்லைக்குள்ளும் அதைச் சுற்றி 1 கிலோமீட்டர் தொலைவிலும் கட்டட அனுமதி வழங்கலாகாது என்று ஆணையிட்டது. இடைக்கால ஆணைகள் மூச்சுவிட நேரம் தரும். முடிந்த தீர்வு ஆகா. நடுவில் உள்ள நீரைக் காப்பாற்றிவிட்டு, அது விரியும் ஓரத்தையும் அது வரும் வாய்க்காலையும் கைவிட்டால், காப்பாற்றியது ஒரு தொட்டியையே அன்றிக் கழுவெளியை அன்று.

கொல்கத்தா காட்டிய வழி

குடிமக்கள் முயன்றால் பயனுண்டா என்று ஐயுறுவோர் கிழக்குக் கொல்கத்தாவை நோக்க வேண்டும். அம்மாநகரின் கிழக்கே சுமார் 12,500 ஹெக்டேர் பரப்பில் ஈரநிலம் உள்ளது. நகரின் கழிவுநீர் அங்குள்ள மீன்குளங்களுக்குச் செல்கிறது. வெயிலும் பாசியும் அதனைத் தூய்மையாக்க, மீனும் காய்கறியும் விளைந்து நகருக்கே திரும்பி வருகின்றன. இவ்வரிய அமைப்பை ஆராய்ந்து உலகறியச் செய்தவர் துருபஜோதி கோஷ் என்னும் அரசுப் பொறியாளர், 2018-இல் மறைந்தார்.

அந்நிலத்திலும் கட்டடங்கள் எழுப்பத் திட்டங்கள் வந்தன. குடிமக்கள் அமைப்பு ஒன்று உயர் நீதிமன்றத்தை நாடியது. 1992-இல் கொல்கத்தா உயர் நீதிமன்றம், ஈரநிலத்தை வேறு பயனுக்கு மாற்றக் கூடாது எனத் தீர்ப்பளித்தது. 2002-இல் அது ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. இன்றும் அங்கே ஆக்கிரமிப்புத் தொல்லை உண்டு எனினும், நிலத்தின் பெரும்பகுதி நின்றது. ‘இவ்விடம் என்ன வேலை செய்கிறது’ என்பதை அளந்து, எழுதி, யாவர்க்கும் புரியும்படி காட்டினார் ஒருவர்; அதனைக் கையிலெடுத்துப் போராடினர் பலர். அளவையும் அக்கறையும் சேர்ந்ததால் விளைந்த வெற்றி அது.

கூட்டத்தில் எழுந்த கேள்வி

எங்கள் தெருவாசிகள் கூட்டத்தில் மேற்கூறிய கணக்கை நான் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். முடித்ததும், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்தார். “தம்பி, கணக்கு சரி. ஆனால் உங்கள் வீடும் என் வீடும் அதே கழுவெளியை மேடாக்கிக் கட்டியவைதாமே? நமக்கு ஒரு நியாயம், இனி வருபவர்க்கு ஒரு நியாயமா?” என்றார்.

எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. அது நேர்மையான கேள்வி. பின்வரிசையில் இருந்த என் தந்தை எழுந்து, “வாங்கும்போது நான் ஊர்க்காரர் ஒருவரைக்கூடக் கேட்கவில்லை, சார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். இனி வாங்குகிறவர்கள் நான்காம் மாடியில் இருப்பார்கள். தண்ணீர் அவர்கள் வீட்டுக்குள் வராது. நம் வீட்டுக்குத்தான் வரும். நமக்குப் பின்னால் தாழ்வில் இருக்கும் குடிசைகளுக்கு நமக்கு முன்பே வரும்” என்று கூறி அமர்ந்தார். நாங்கள் வீட்டை இடித்துவிட்டுப் போக இயலாது. ஆனால் செய்த தவறு எவ்வளவு உயரத்துக்கு வரும் என்பதைச் சுவரில் கோடாகக் கண்டவர்கள் நாங்கள். அதனை அறிந்தவன் வாளாவிருந்தால் அது இரண்டாவது தவறாகும்.

குடிசைகளைப் பற்றி அவர் கூறியது என் சிந்தையில் நின்றது. ஆக்கிரமிப்பை அகற்றும் ஆணை வரும்போதெல்லாம் முதலில் அகற்றப்படுவது ஏழையின் ஓலைக்கூரையே. நகரின் ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் பெரும்பாக்கத்தில் குடியமர்த்தப்பட்டதையும், அவ்விடமும் மழைக்காலத்தில் நீர் சூழும் தாழ்நிலமே என்பதையும் எண்ணிப் பார்த்தால், வெள்ளத்திலிருந்து காப்பதாகக் கூறி மற்றொரு வெள்ளத்தில் விட்டதை உணரலாம். ஈரநிலப் பாதுகாப்பு எளியோர்மீது மட்டும் பாயும் சட்டமாகிவிடக் கூடாது. அளவுகோல் குடிசைக்கும் கோபுரத்துக்கும் ஒன்றாக இருத்தல் வேண்டும்.

மாணவர் செய்யத்தக்கவை

எங்கள் முயற்சியில் நாங்கள் கற்றவற்றைப் பிற மாணவர்க்குப் பயன்படும் என்னும் எண்ணத்தில் தொகுத்துத் தருகிறேன்.

1. உங்கள் ஊரின் கிராம வரைபடத்தையும் புலப்படத்தையும் பெற்று, அவற்றில் நீர்நிலைகளையும் வாய்க்கால்களையும் வண்ணமிட்டுக் குறியுங்கள். பிறகு அவ்வழியே நடந்து பாருங்கள். வரைபடத்தில் இருப்பது தரையில் எங்கே மறைகிறது என்பதே முதற் பாடம்.

2. மழைக்காலத்தில் நீரின் ஆழத்தை அளந்து நாளுடன் எழுதிவையுங்கள். வீட்டுச் சுவர்களில் உள்ள வெள்ளக் கோடுகளையும் அளவிடுங்கள். கோடையில் எழும் வாதத்துக்குக் கார்த்திகையில் எடுத்த அளவே விடை.

3. ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். மீன் பிடித்தவர், மாடு மேய்த்தவர், கோரை அறுத்தவர் ஆகியோரின் நினைவில் பதிவேட்டில் இல்லாத செய்திகள் உள்ளன.

4. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன்படி நிலத்தின் வகைப்பாட்டைக் கேட்டுப் பெறுங்கள். நாங்கள் கேட்டபோது, அவ்வெளியின் பெரும்பகுதி பட்டா நிலம் என்றும், அதனூடே செல்லும் ஒரு கீற்று ‘வாய்க்கால் புறம்போக்கு’ என்றும் விடை வந்தது. பெரியவர் கோலூன்றிக் காட்டிய இடமும் அதுவே.

5. மனுவில் வசைமொழி வேண்டா, அளவுகள் இருக்கட்டும். ‘எங்களுக்கு அச்சமாக உள்ளது’ என்பதைவிட ‘22 இடங்களில் அளந்தோம், சராசரி 60 செ.மீ.’ என்பது வலிமை உடையது.

எங்கள் மனு மாவட்ட ஆட்சியருக்கும் நகர் வளர்ச்சி அலுவலகத்துக்கும் சென்றது. நில அளவையர் வந்து வாய்க்காலின் எல்லையை அளந்து கல் நட்டார். அதன்மேல் கொட்டிய மண் அள்ளப்பட்டது. வெளியின் எஞ்சிய பகுதி பற்றிய முடிவு இன்னும் வரவில்லை. ஆகையால் இதனை வெற்றிக் கதையாக நான் எழுதவில்லை. ஒரு வாய்க்கால் திறந்திருக்கிறது, அவ்வளவே.

முடிவுரை

ஈரநிலத்தைக் காப்பது பறவைகளுக்காக மட்டும் அன்று. பறவைகளை மறந்தும் அன்று. நீர் வரும் வழி, அது பரவும் இடம், அது வடியும் வழி ஆகிய மூன்றும் சேர்ந்ததே ஈரநிலம். இவற்றுள் ஒன்றை அடைத்தாலும் மற்ற இரண்டும் பயனற்றுப் போகும். நடுவே வேலியிட்டுப் பெயர்ப்பலகை நட்டுவிட்டு, ஓரத்தை மனையாக்கினால், நீர் தன் கணக்கை நம் வீட்டுச் சுவரில் எழுதும்.

அண்மையில் எங்கள் வீட்டுக்கு வெள்ளையடித்தோம். கூடத்துச் சுவரில் உள்ள 2015-ஆம் ஆண்டுக் கோட்டை மட்டும் விட்டுவிடுமாறு என் தந்தை கூறினார். அதன் பக்கத்தில் பென்சிலால் நாளையும் அளவையும் எழுதிவைத்தேன்: தரையிலிருந்து 94 செ.மீ. எங்கள் தெருவில் மனை வாங்க வருவோர் எவரேனும் இருப்பின், எம்மாதத்தில் வந்தாலும், எங்கள் வீட்டுக்குள் வந்து அதனைப் பார்த்துச் செல்லலாம்.